அக்காவின் முட்டியை அளந்த நாட்கள்

அந்த நாற்காலியை முதன்முதலில் பார்த்தபோது, இதில் உட்கார்ந்தவர்கள் ஒழுங்காக எழுந்து போயிருப்பார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது. பல் பிடுங்குகிற இடத்தில் இருக்குமே, அதுபோலச் சாய்வான நாற்காலி. நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு பெல்ட், இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நுனியில் இருந்த மெத்தைப் பட்டையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்து இறுக்கிவிட்டால், அப்புறம் உட்கார்ந்த ஆளால் அசைக்க முடிந்தது முழங்காலுக்குக் கீழே இருக்கிற கால் ஒன்றைத்தான். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், சின்னாளப்பட்டியைத் தாண்டி, ஒரு பிசியோதெரபி கல்லூரியின் மாடியில் அந்த அறை இருந்தது. ஏசி போட்டு ஜன்னலெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். எனக்கோ உள்ளே நுழையும் முன்பே வியர்த்துவிட்டது. இன்றைக்கும் அந்த வழியாக பஸ்ஸில் போனால் பேசிக்கொண்டிருக்கிற பேச்சு நின்றுவிடும். கை தானாக முட்டிக்குப் போகும்.

என் பயத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், பரீட்சைக்குப் பயம். கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னால் மயக்கம் வரும். வீட்டில் ஆளுக்கொரு வேலை என்று பிரித்திருந்தால் பயப்படுகிற வேலை எனக்குத்தான் வந்திருக்கும். இதற்கு நேர் எதிர் என் அக்கா. சித்தையன்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருந்த சம்பங்கித் தோட்டத்தில் சாரைப்பாம்பு புகுந்தால், அப்பா கம்பெடுத்து வருவதற்குள் அவள் வாலைப் பிடித்து வரப்புக்கு அந்தப்பக்கம் வீசிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருப்பாள். "இவ பொம்பளப் புள்ளயா பொறந்துட்டா, இவன் ஆம்பளப் புள்ளயா பொறந்துட்டான், ஆண்டவன் கைமாத்திக் குடுத்துட்டான்" என்று அம்மா சொல்லிச் சிரிக்காத விருந்தாளி இல்லை. எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. வீட்டில் ஒருத்தி தைரியமாக இருப்பது பெரிய நிம்மதி. இருட்டில் கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால் அவளைத்தான் எழுப்புவேன்.

அக்கா கபடி ஆடினாள். சும்மா பள்ளிக்கூட ஆட்டம் இல்லை. கல்லூரிக்குப் போன முதல் வருஷமே எங்கள் வட்டாரத்தில் அவள் ரெய்டு போனால் பார்க்கவென்று கூட்டம் சேரும். ஆத்தூரில் கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த ஒரு போட்டியில்தான் அது நடந்தது. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி கணுக்காலைப் பிடிக்கப் பாய, அக்கா வலது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். கயிற்றுக்கு வெளியே நின்றிருந்த எனக்கே அது கேட்டது. விசில், கைத்தட்டல், ஒலிபெருக்கி இத்தனைக்கும் நடுவில் எப்படிக் கேட்டிருக்கும் என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டது. அக்கா கத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடி தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடையதோ போல. நான்தான் அழுதேன்.

முட்டிக்குள்ளே இருக்கிற ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரிக்கிற அன்றைக்கு டாக்டர் அப்பாவை ஓரமாக அழைத்துப் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன். "நல்லா வந்திருக்கு. ஆனா தொடைச் சதைக்குப் பலம் வராம அவசரப்பட்டு ஆட விட்டுறாதீங்க. இன்னொரு தடவை அறுந்தா ஆட்டத்த விடுங்க, நடையே பழைய நடையா இருக்காது" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "சரிங்கய்யா, அவ தைரியசாலி, தேறிருவா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அன்றையிலிருந்து கனவெல்லாம் அந்த 'டக்'தான். மாதங்கள் போய் அக்காவின் நடை தேறியது. இதற்கிடையில் தெருவே அவளைப் 'போலீஸு' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், இவள் மறுபடி டீமில் நின்று நாலு போட்டி ஆடினால் போதும் என்று கல்லூரியின் பி.டி. மாஸ்டர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவரும் கவனமான மனிதர். "அந்தக் காலேஜ் மெஷின்ல ஒக்காந்து அளந்துட்டு வரட்டும். மெஷினு சரின்னு சொன்னா மறுநாளே டீமு, வேணாம்னா வேணாம்" என்று முடித்துவிட்டார். ஆகமொத்தம் அக்கா ஆடுகளத்துக்குத் திரும்புவாளா மாட்டாளா என்பது அந்த நாற்காலியின் கையில் இருந்தது.

இங்கேதான் என் அம்மா வருகிறாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபடி அவள் பழனி முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள்: எம்புள்ள எந்திரிச்சு நடந்துட்டா அவளையே நடக்கவச்சுக் கூட்டியாரேன். டெஸ்டுக்கு நாள் குறித்ததும் அம்மாவுக்கு அது நினைவு வந்துவிட்டது. நேர்த்திக்கடனைப் பாக்கி வைத்துக்கொண்டு அந்த மெஷினில் போய் உட்கார்ந்தால் முருகன் சும்மா விடுவானா? தைப்பூசமும் சரியாக அதே வாரத்தில் வந்தது. பச்சைத் துணி கட்டி, துளசிமாலை போட்டு, அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். செம்பட்டி வழியாக, ஒட்டன்சத்திரம் வழியாக, வெறுங்காலோடு, சனத்தோடு சனமாக. வழிநெடுக நீர்மோர், எலுமிச்சைச் சாதம், பாட்டு. நான் அக்காவுக்குப் பின்னாலேயே நடந்து அவள் வலது காலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு கல்லில் சறுக்கினாலும் தாங்கிப் பிடிக்க ஓடுவேன். அவளோ யாரிடமும் பேசாமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். மலைப்படியிலும் நிற்கவில்லை. சந்நிதியில் எல்லோரையும் தள்ளித் தள்ளி அனுப்பினார்கள், இவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். என்ன பக்தி என்று அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

திரும்பி வந்து ஒரு நாள் தூங்கி எழுந்து, அதற்கடுத்த நாள் காலையில் டெஸ்டுக்குப் போனோம். அளப்பது ஒரு பிசியோ மேடம். அதிகம் போனால் என் அக்காவைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். இளவயசுக்காரர்களின் தொடைப் பலத்தைப் பற்றி அவர் ஏதோ ஆய்வு செய்துகொண்டிருந்தார். "ரெண்டு மூணு நாளா ஓட்டம், ஜிம், எக்சர்சைஸ் ஏதாவது பண்ணினியாம்மா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்றாள். அம்மாவும் "ஒண்ணுமே பண்ணல மேடம், பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்" என்றாள். நானும் பலமாகத் தலையாட்டினேன். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பயத்தில் நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால், மேடம் எனக்கு விளக்கிச் சொன்னார். முன்தொடைச் சதை காலை நீட்டித் தள்ளுவது, பின்தொடைச் சதை அதை மடக்கி இழுத்துப் பிடிப்பது. "உங்க வீட்டு பைக்ல ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் இருக்குல்ல தம்பி? முன்தொடை ஆக்ஸிலேட்டர். பின்தொடை பிரேக். பிரேக் கொறச்சலா இருந்தா வேகமாத் திரும்பும்போது முட்டிதான் அடி வாங்கும்." பின்தொடையின் பலம் முன்தொடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயாவது இருக்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் கூடாது. இவ்வளவுதான் விஷயம். சொல்லி முடித்துவிட்டு, "நீயும் ஒக்காரேன், விளையாடாத பசங்களோட அளவும் எனக்கு வேணும்" என்றார். அம்மா சிரித்தபடி என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். பெல்ட் ஒவ்வொன்றாக இறுகியது. உதைத்தால் அந்த இரும்புக் கை நாம் கொடுக்கிற அளவுக்கே நம்மை எதிர்த்தது. எவ்வளவு முட்டினாலும் அது தன் வேகத்தில்தான் நகர்ந்தது. "தள்ளு தள்ளு தள்ளு! இப்ப இழு, இழு!" என்று மேடம் கத்தினார். திரையில் பெரிய மேடு ஒன்றும் சின்ன மேடு ஒன்றுமாகக் கோடு எழுந்து விழுந்தது. என் முட்டி இப்போதே கழன்று கையோடு வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. "பரவாயில்லையே, உன்னோட பிரேக் ரொம்ப நல்லாருக்கு" என்றார் மேடம்.  பழனிக்குப் போகிற வழியில் பாதித் தூரம் நான் தண்ணீர் வண்டியில் ஏறிக்கொண்டது காரணமாக இருக்கலாம்.

அடுத்து அக்கா. அவள் ஏறி உட்கார்ந்த விதமே வேறு. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஆனால் பின்னால் இழுக்கிற முறை வந்தபோது திரையில் மேடு எழவே இல்லை, தரையை ஒட்டி ஏதோ அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மேடம் இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். அதே கதைதான். அறுபடாத நல்ல காலான இடது காலும் தேறவில்லை. மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. பெல்ட்டைக் கழற்றியபடி, "இப்போதைக்கு ஆட வேணாம்மா. இந்த பலத்தோட ரெய்டு போனா நான் பொறுப்பில்ல" என்றார். அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். எனக்கு டாக்டர் சொன்னதெல்லாம் காதில் ஓடியது. ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டதா, உள்ளே மறுபடி கிழிந்துவிட்டதா, இனி நொண்டித்தான் நடப்பாளா என்று என்னென்னவோ தோன்றியது. அக்கா மட்டும் தெளிவாக இருந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். என் பேயறைந்த முகத்தைப் பார்த்து, "ஏலே, மெஷின்ல ஒக்காந்தது நானா நீயா?" என்று கேலிகூடச் செய்தாள். இப்பேர்ப்பட்ட சேதியை இப்படி வாங்கிக்கொள்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம் என்று வியந்துபோனேன்.

போகும்போது அம்மா, வந்த காரியம் கெட்டாலும் கொண்டுவந்ததைக் கொடுக்காமல் போகக்கூடாது என்று, பையிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து மேடத்திடம் நீட்டினாள். 

"பழனி போயிருந்தீங்களா? எப்பம்மா?"

"முந்தாநா வந்தோம் மேடம்."

"கார்லயா?"

அம்மாவுக்கு அந்த வருத்தத்திலும் ரோஷம் வந்துவிட்டது. "கார்லயா? நேத்திக்கடனுக்குப் போறவுக கார்லயா போவாக? நடந்துதேன். இவளும்தேன். சித்தையங்கோட்டையில இருந்து வெறுங்காலோட. மலையும் படியேறிட்டம்ல!"

மேடம் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டேனேம்மா! எக்சர்சைஸ் ஏதாவது பண்ணினியான்னு கேட்டேனே!"

"அது எக்சர்சைசா மேடம்?" என்றாள் அம்மா, உண்மையாகவே திகைத்துப்போய். "அது சாமி கும்புடுறது."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. அத்தனை தூரம் நடந்து படியேறி இறங்கிய கால் எப்படி இழுக்கும், சதை செத்துப்போயிருக்காதா, இன்றைக்கு எடுத்த அளவு எதற்கும் ஆகாது, நன்றாக ஓய்வெடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் காலில் இரத்தம் திரும்பி வந்ததுபோல் இருந்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் வடை வாங்கிக் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அம்மா அக்காவைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை, தண்ணீர்க் குடத்தைத் தொட்டால்கூட "வையி வையி" என்று ஓடிவந்தாள். அப்பா விடியற்காலையில் பூவை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவார், வெயிலேறித் திரும்புவார், சாப்பிடுவார், தோட்டத்துக்குப் போய்விடுவார். மகளின் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் அவளைப்போலத்தான், எதற்கும் அசையமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போலீஸ் வேலை போயிற்று, சரி என்று சொல்லிவிட்டால் மறுபடி அந்தக் களம், மறுபடி அந்தத் திருப்பம், மறுபடி அந்த 'டக்'. எந்தப்பக்கம் யோசித்தாலும் கடைசியில் பயம்தான். ஒருநாள் மத்தியானம் உள்ளே போனபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. வலது முட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதாக்கா?" என்றேன். "போடா, செத்த நேரம் தூங்கவிடு" என்றாள்.

இரண்டாவது தடவையும் நாங்கள் மூவரும்தான் போனோம். அப்பா மார்க்கெட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மேடம் இந்த முறை கேள்வியை மாற்றிவிட்டார்: "எந்தக் கோயிலுக்காவது நடந்து போனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெல்ட்டைத் தொட்டார். அக்கா நெஞ்சின் மேல் கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படித்தான் உட்கார வேண்டும், எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது. முன்னால் தள்ளினாள், மேடு எழுந்தது. பின்னால் இழுத்தாள், இன்னொரு மேடு, முன்னதைவிடச் சின்னது, ஆனால் நன்றாகத் தெரிகிற மேடு. மறுபடியும் அதே உயரம். மறுபடியும் அதே. இடது காலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மேடம் கைதட்டினார். "சூப்பர்ம்மா. ரெண்டு காலும் கிட்டத்தட்ட ஒண்ணு. பிரேக் பிரமாதம். நீ ஆடலாம்." அம்மா "முருகா" என்றவள் அப்பாவுக்குச் சொல்வதற்காக என் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று மேடம் அவள் தோளைத் தட்டிவிட்டு அளவுகளை அச்செடுக்கப் போனார்.

ஷூ மாட்ட உதவலாம் என்று கீழே உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. 

"ஏலே," என்றாள் மெதுவாக. "எனக்குப் பயமா இருக்குடா."

நான் பிறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒவ்வொரு தடவ இழுக்கும்போதும் அந்தச் சத்தம் கேக்குதுடா. கோட்டத் தாண்டி உள்ள போகணும்னு நெனச்சாலே கேக்குது. ராத்திரியெல்லாம் கேக்குது. மெஷினு வேணாம்னு சொல்லிரும், யாருக்கும் நம்ம மேல வருத்தம் இருக்காது, அதோட விட்டுருவாகன்னு பாத்தேன். மொத தடவ சொன்னப்ப எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? பழனியில கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்ல, நான் கேட்டது அதத்தான்."

 அம்மா ஒன்றை வேண்டிக்கொண்டு நடந்திருக்கிறாள், அக்கா அதற்கு நேர்மாறானதை வேண்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்திருக்கிறாள். காகிதத்தோடு வந்த மேடம் இதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். "நான் அளந்தது சதையை மட்டும்தான்மா" என்றார். "ஆடலாம்னுதான் சொன்னேன். ஆடியே ஆகணும்னு சொல்லல." 

வராந்தாவில் அம்மா போனில் சிரிக்கிற சத்தம் கேட்டது. மாஸ்டருக்கு இப்போதே சொல்லிவிடலாம், நாளைக்கே டீமில் சேர்த்துக்கொள்வார் என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போனேன். அப்பாவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவன் நான், அவர் இருமினாலே அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அன்றைக்கு எப்படி அந்தக் கை நீண்டது என்று இப்போதும் தெரியவில்லை. அம்மாவிடமிருந்து போனை வாங்கினேன். அந்தப்பக்கம் பூ ஏலம் விடுகிற கூச்சல்.

"அப்பா, வேணாம்ப்பா. விளையாட வேணாம். பயமா இருக்குப்பா."

"யாருக்கு? ஒனக்கா?" என்றார் அப்பா. அவர் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை வேறு எப்படியும் கேட்க முடியாது.

"இல்லப்பா. அக்காவுக்கு."

ஏலக் கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நடக்கிறார் என்று தெரிந்தது.  அப்புறம், "அவட்டக் குடு" என்றார். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்" என்றாள். மறுபடி "ம்ப்பா" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, பஸ்ஸில் வரும்போதுதான் புரியவைத்தோம். அவள் அழுதாள், திட்டினாள், அப்புறம் அக்காவின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஊர் வரும்வரை தடவிக்கொண்டே வந்தாள். அக்கா அதன்பின் களத்தில் இறங்கவில்லை. போலீஸ் ஆகவும் இல்லை. 

போன பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். வாசலில் அவள் மகள் தெருப் பிள்ளைகளோடு மண்ணில் கோடு கிழித்து மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு ஓடினாள். நான் வழக்கம்போல் "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தேன். அக்கா கத்தவில்லை. மகளைக் கூப்பிட்டு, "பயமா இருந்தாச் சொல்லிரு, என்னா?" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அப்பா மெலிந்துபோய், சற்றுத் தள்ளி நாற்காலியில் அமர்ந்து பேத்தியின் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கை தன் முட்டியைப் பிடித்திருந்தது. அன்றைக்குப் போனில் அப்பா என்னதான் சொன்னார் என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் கேட்டேன். அவருக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"'முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா ஆத்தா, நீ தைரியமா இருக்கியேன்னுதான நானும் அம்புட்டுப் பயத்தையும் உள்ளயே வச்சுக்கிட்டுக் கெடந்தேன்'னாருடா."